முதற்பொருள் மறந்த விஞ்ஞாபனங்கள்

தேர்தல் விஞ்ஞாபனங்களை இலக்கிய விமர்சகன் ஏன் படித்தல் வேண்டும் எனக் கேட்பார் உளர். அவை தேர்தலுக்குத் தேர்தல் அச்சேறி, வாக்கெண்ணி முடிந்ததும் மறக்கப்படுவன என்பது அவர்தம் எண்ணம். ஆயினும், சொற்களால் ஆக்கப்பட்டதும், ஒரு சாராரின் நலனை எல்லோரது நலனுமாகக் காட்ட முயல்வதுமான எந்த எழுத்தும் விமர்சனத்தின் பார்வைக்கு உரியதே. மன்னனைப் பாடிய மெய்க்கீர்த்திகளை வரிவரியாக ஆராய்ந்து, அவற்றுட் கூறப்பட்டது எது, கூறாது விடப்பட்டது எது என்று பிரித்தறியப் பல்கலைக்கழகத்திற் பயின்ற நாம், வாக்காளனைப் பாடும் மெய்க்கீர்த்தியை மாத்திரம் ஆராயாது விடுவதற்கு நியாயம் இல்லை.

இக்கட்டுரையில் பிரித்தானிய அரசியற் கட்சிகள் மூன்று விடயங்கள் பற்றிக் கூறியவற்றையும் செய்தவற்றையும் எடுத்துக்கொள்கிறேன். விளையாட்டு ஒன்று, நாட்டுப்புற நிலங்களிற் பொதுமக்கள் உலவும் உரிமை மற்றொன்று, சுற்றாடல் மூன்றாவது. பிரித்தானியாவை ஏன் தெரிந்தெடுத்தேன் என்பதற்குக் காரணம் உண்டு. நம் நாட்டு இடதுசாரி இயக்கத்தின் முன்னோடிகளுட் பலர் இலண்டனிற் கற்றுத் திரும்பியவர்கள். அந்நாட்டுத் தொழிற் கட்சி காட்டிய வழி, அதாவது கிளர்ச்சியைத் தவிர்த்துச் சட்டத்தின் வாயிலாகச் சிறிது சிறிதாகப் பெறுதல் என்னும் வழி, இன்றும் நம்மிடையே பல ஆசிரியர்களுக்கு உவப்பானதாக இருக்கிறது. அவ்வழி எதைத் தந்தது, எதைத் தரத் தயங்கியது என்பதை அளந்தறிவதற்குப் பெரிய பொருளாதாரக் கொள்கைகளைவிட இத்தகைய 'சில்லறை' விடயங்களே தக்க உரைகல் என்பது என் கருத்து.

அளந்தறியும் கருவியைத் தேடி வெளியே போகவேண்டியதில்லை. அகப்பாடலின் உறுப்புகளை முதல், கரு, உரி என மூன்றாக வகுத்தது நமது மரபு. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்திற்குரிய மரம், புள், விலங்கு, நீர், தொழில் முதலியன கருப்பொருள். புணர்தல், பிரிதல் முதலிய மன ஒழுக்கங்கள் உரிப்பொருள். பாட்டிலே சிறந்து நிற்பது உரிப்பொருளே. எனினும் நிலமும் பொழுதும் இன்றேல் மற்றவை நிற்க இடமும் இல்லை, நிகழக் காலமும் இல்லை. பிரித்தானியக் கட்சிகளின் விஞ்ஞாபனங்களை இக்கண்கொண்டு படித்தால் ஒன்று புலனாகும். மரம் உண்டு, பறவை உண்டு, ஆறு உண்டு. குடும்பங்கள் அடையும் மகிழ்ச்சியும் உடல்நலமும் உண்டு. நிலம் யாருடையது, பொழுது யாருடையது என்னும் கேள்வி மாத்திரம் இல்லை. ஒரு காலத்தில் அக்கேள்வி இருந்தது. படிப்படியாக அது நீங்கிற்று. அது நீங்கிய வரலாறே நமக்கு முக்கியமானது.

ஆங்கிலத்தில் 'ஸ்போர்ட்' என்னும் சொல் ஒரு விசித்திரமான சொல். நாம் வேட்டை எனவும் விளையாட்டு எனவும் வேறுபடுத்திக் கூறும் இரண்டையும் அது ஒன்றாக அணைத்துக்கொள்ளும். ஆலைத் தொழிலாளி சனிக்கிழமை மாலையில் உதைபந்தாடுவதும் 'ஸ்போர்ட்'; ஆகஸ்ட் 12 ஆம் திகதி பிறந்ததும் பிரபுக்கள் மேட்டுநிலங்களிற் கூடி, 'கிரௌஸ்' என்னும் காட்டுக்கோழி இனப் பறவைகளைச் சுட்டு வீழ்த்துவதும் 'ஸ்போர்ட்'. ஒரே சொல்லுக்குள் இரண்டு வர்க்கங்கள் குடியிருந்தன. அவை நேருக்குநேர் மோதிக்கொண்ட இடம் மன்செஸ்டருக்கும் ஷெபீல்டுக்கும் இடையிலுள்ள கிண்டர் ஸ்கௌட் என்னும் மேட்டுநிலம்.

இரண்டு பெருந் தொழில் நகரங்களுக்கு நடுவே, டெவன்ஷயர் கோமகன் முதலியோருக்கு உரிமையாக, பறவை வேட்டைக்கென மூடிவைக்கப்பட்டிருந்த நிலம் அது. வேலையற்றோர் தொகை பெருகியிருந்த காலத்தில், பஸ் கட்டணம் கொடுத்து மலையடிவாரம் சென்ற இளைஞர்களை வேட்டைநிலக் காவலர் தடிகொண்டு விரட்டினர். 1932 ஆம் ஆண்டு ஏப்ரல் 24 ஆம் திகதி, பிரித்தானியத் தொழிலாளர் விளையாட்டுச் சம்மேளனம் அந்நிலத்தினுட் கூட்டமாக அத்துமீறி நுழையும் நடைப்பயணம் ஒன்றை ஒழுங்கு செய்தது. தலைமை தாங்கியவர் பெனி ரொத்மன். அப்பொழுது வயது 20. யூதக் குடும்பத்திற் பிறந்தவர், பொதுவுடைமை இளைஞர். வந்தோர் நானூறு பேர் என்பது பொதுவாகக் கூறப்படும் கணக்கு. எண்ணிக்கை பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. காவலரோடு சிறு கைகலப்பு நிகழ்ந்தது. ஒரு காவலர் காயமுற்றார். மலையின் உச்சி மேட்டைக்கூட அவர்கள் முற்றாக அடைந்தார்களில்லை. ஷெபீல்டிலிருந்து வந்த தோழர்களை ஓர் இடைவழியிற் சந்தித்துவிட்டுத் திரும்பினர். திரும்பும்போது ஆறு பேர் கைதாயினர்.

அக்காலச் சட்டப்படி பிறர் நிலத்தில் நுழைதல் குற்றமன்று. உரிமையாளர் நட்டஈடு கேட்கக்கூடிய குடியியல் தவறு மாத்திரமே. எனவே கலகம் விளைத்தல், தாக்குதல் என வேறு பெயரிட்டே வழக்குத் தொடரப்பட்டது. படையதிகாரிகளும் நாட்டுப்புறக் கனவான்களும் நிறைந்த யூரிமார் முன்னிலையில் ஐவருக்கு இரண்டு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை கிடைத்தது. ரொத்மனுக்கு நான்கு மாதம். 2002 இல், அந்நிகழ்ச்சியின் எழுபதாம் ஆண்டு நிறைவின்போது, அன்றைய கோமகனின் பேரர் தம் பாட்டனார் செய்தது தவறென்று பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். ரொத்மன் அதற்கு மூன்று மாதம் முன்னதாக, ஜனவரியில், இறந்துபோயிருந்தார்.

இவ்வரலாற்றை வீரகாதையாக்கிக் கூறுவது எளிது. முற்போக்காளர் பலர் அவ்வாறே கூறியும் வந்துள்ளனர். நான் வேண்டுவது வேறு. அன்று ஊர்வலம் புறப்பட்டது ஒரு விளையாட்டுச் சம்மேளனத்திலிருந்து என்பதைக் கவனித்தல் வேண்டும். அவர்களுக்கு விளையாட்டும் நிலவுரிமையும் தூய காற்றும் மூன்று வெவ்வேறு 'துறைகள்' அல்ல. புகை மண்டிய நகரில் மைதானம் இல்லை. மைதானம் இல்லாதபடியால் மலைக்குப் போகிறோம். மலை ஒருவனுடையது, எனவே அவனைக் கேட்கிறோம் என்பது அவர்தம் தருக்கம். இன்றைய விஞ்ஞாபனங்களில் விளையாட்டு கலாசார அத்தியாயத்தில் இருக்கிறது. உலவும் வழிகள் கிராமிய அத்தியாயத்திலோ குடும்பநல அத்தியாயத்திலோ இருக்கின்றன. ஆறும் காற்றும் காலநிலை அத்தியாயத்தில் இருக்கின்றன. மூன்று அத்தியாயங்களாகப் பிரித்ததும், மூன்றையும் இணைத்த கேள்வி இடைவெளிகளுக்குள் விழுந்து மறைந்துவிடுகிறது. இப்பிரிப்பை வெறும் நிர்வாக வசதி என்று கொள்ள என்னால் முடியவில்லை.

அக்கேள்வியின் வயதையும் அறிதல் நன்று. பிரித்தானியப் பாராளுமன்றம் 1604 முதல் 1914 வரை 5,200 க்கும் மேற்பட்ட வேலியடைப்புச் சட்டங்களை இயற்றியது. இங்கிலாந்தின் பரப்பில் ஐந்திலொரு பகுதிக்கு மேல், ஏறத்தாழ 68 லட்சம் ஏக்கர், இவற்றின்வழி பொதுப் பயன்பாட்டிலிருந்து தனியுடைமைக்கு மாறிற்று. ஜோன் கிளேர் என்னும் கவிஞனை நம்மவர் அதிகம் அறியார். 1793 இற் பிறந்த அவன் பண்ணைக் கூலி. அவனது ஊராகிய ஹெல்ப்ஸ்டனுக்கு 1809 இல் வேலியடைப்புச் சட்டம் வந்தது. சிறுவயதில் ஓடித்திரிந்த புல்வெளி அறிவிப்புப் பலகைகளாற் கூறுபட்டதை அவன் கவிதையாக்கினான். தன் வாழ்வின் இறுதி இருபது ஆண்டுகளுக்கு மேல் மனநோயாளர் விடுதியிற் கழித்தான். அவனை அறியாத நாம் வேர்ட்ஸ்வேர்த்தை அறிவோம். நமது பாடசாலைகளில் ஆங்கிலம் கற்ற தலைமுறைகள் அவரை மனனம் செய்தன. இயற்கையின் பாவலரான அவர், தாம் வாழ்ந்த ஏரி மாவட்டம் ஒருவகையில் தேசத்தின் சொத்தாதல் வேண்டும் என்னும் கருத்தை முன்வைத்தவர். ஆயின், 1844 இல் வின்டர்மியர் ஏரிவரை புகையிரதப் பாதை அமைக்கும் திட்டம் எழுந்தபோது, பத்திரிகைக்குக் கடிதங்கள் எழுதி எதிர்த்தவரும் அவரே. ஆலைத் தொழிலாளர் திரளாக வந்திறங்குவர், அக்காட்சியைச் சுவைக்கும் பக்குவம் அவர்க்கு இல்லை என்பது அவரது வாதத்தின் சாரம். பெருங் கவிஞர்தாம், அதில் ஐயமில்லை. எனினும், தேசத்தின் சொத்து என்பார், தேசத்தில் யார் யார் அடங்குவர் என்று கேட்டால் தயங்குவார். இந்தத் தயக்கத்தைப் பின்னர் கட்சிகளிடமும் காண்போம்.

இவ்விடத்தில் நமது நாட்டைத் தொட்டுச் செல்லுதல் தகும். தம் ஊரில் வேலியடைத்த அதே ஆட்சியாளர் 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் மூலம், இலங்கையில் உறுதி காட்டவியலாத காடுகளையும் பயிரிடப்படாத நிலங்களையும் முடிக்குரியவை என்று அனுமானித்தனர். 'தரிசு' என்னும் ஒரு சொல் கிராமத்தவனின் மேய்ச்சலையும் சேனையையும் விறகுக் காட்டையும் அழித்துத் தோட்டத்துரைக்கு வழி திறந்தது. அத்துரைமாரும் ஓய்வுநாளில் 'ஸ்போர்ட்' ஆடினர். அதாவது யானை சுட்டனர்.

மீண்டும் பிரித்தானியாவுக்கு வருவோம். மலைகளில் உலவும் உரிமை கோரும் சட்டமூலத்தை ஜேம்ஸ் பிரைஸ் 1884 இலேயே பாராளுமன்றத்திற் கொணர்ந்தார், பயனில்லை. அதன்பின் பலமுறை கொணரப்பட்டுப் பலமுறை தோற்றது. இறுதியில் 1939 இல் நிறைவேறியபோது அது உருக்குலைந்திருந்தது. நிலவுடைமையாளரின் திருத்தங்கள் புகுந்து, அதுவரை குற்றமல்லாதிருந்த அத்துமீறலைச் சில சந்தர்ப்பங்களிற் குற்றமாகவே ஆக்கிவிட்டன. உலவுவோருக்காகக் கொணரப்பட்ட சட்டம் உலவுவோரைத் தண்டிக்கும் சட்டமாயிற்று. அச்சட்டமூலத்தை நல்லெண்ணத்துடன் முன்மொழிந்தவர் தொழிற் கட்சியின் ஆதர் கிறீச் ஜோன்ஸ். 1948 இல் இலங்கை சுதந்திரம் பெற்றபோது குடியேற்ற நாட்டு மந்திரியாக இருந்தவரும் இவரே என்பது நம் வாசகருக்குச் சுவையான செய்தியாகலாம்.

பொழுது என்னும் முதற்பொருளைப் பொறுத்தவரை அக்காலத்தில் ஒரு முன்னேற்றம் உண்டு. 1938 இல் சம்பளத்துடனான விடுமுறைச் சட்டம் வந்தது. தொழிலாளிக்குப் பொழுது சிறிது கிடைத்தது, நிலம் கிடைக்கவில்லை.

1945 இல் தொழிற் கட்சியின் விஞ்ஞாபனம் நிலத்தைத் தேசியமயமாக்குவதில் தனக்கு நம்பிக்கை உண்டென்றும் அதை நோக்கி உழைக்குமென்றும் வெளிப்படையாகக் கூறிற்று. இது கூர்ந்து நோக்கற்பாலது. 'நிலம்' என்னும் சொல் உடைமை என்னும் பொருளிலேயே அங்கு ஆளப்பட்டது. 1947 இல் ஹொப்ஹௌஸ் குழுவினர் திறந்த மேட்டுநிலம் அனைத்திலும் மக்களுக்கு உலவும் உரிமை வேண்டும் என்று பரிந்துரைத்தனர். ஆயின் 1949 இல் லூயிஸ் சில்கின் கொணர்ந்த தேசிய பூங்காக்கள், நாட்டுப்புற உலவல் சட்டம் அதனை ஏற்கவில்லை. உள்ளூராட்சி மன்றங்கள் நிலவுடைமையாளருடன் உடன்படிக்கை செய்துகொள்ளலாம் என்றது. உடன்படிக்கைகள் பெரும்பாலும் கிண்டரை உள்ளடக்கிய பீக் மாவட்டத்திலேதான் ஏற்பட்டன; ஏனைய இடங்களில் மிகச் சில. 1951 இல் முதல் தேசிய பூங்காக்கள் பிறந்தன. 'தேசிய' என்னும் அடைமொழி நம்மை மயக்குதல் கூடாது. அப்பூங்காக்களின் நிலத்திற் பெரும்பகுதி தேசத்தினுடையதன்று; முன்பு எவருடையதோ அவருடையதே. தேசம் வேலிக்கு வெளியே நின்று பார்க்கும் உரிமையைச் சட்டமாக்கிக்கொண்டது.

இதனால் அச்சட்டத்தை வெறும் ஏமாற்று என்று தள்ளிவிடுவதும் நியாயமன்று. ஊர்ப்பாதைகளையெல்லாம் வரைபடத்திற் பதியும் கடமையை அது உள்ளூராட்சி மன்றங்களுக்கு விதித்தது. அதனாற் காக்கப்பட்ட பாதைகள் எண்ணற்றவை. இதற்காகப் பல்லாண்டு பொறுமையுடன் உழைத்த ரொம் ஸ்டீபன்சன், கிண்டர் நிகழ்ச்சியாற் பயன் அதிகம் விளையவில்லை என்றே கருதினார். 1932 இல் மன்செஸ்டர் உலவுவோர் சம்மேளனமும் அந்நடைப்பயணத்தைக் கண்டித்திருந்தது. மனுக் கொடுப்போரும் மலை ஏறுவோரும் ஒருவரை ஒருவர் ஐயுறுவது எல்லா இயக்கங்களுக்கும் பொதுவானதே. ஆயினும் இன்று மக்கள் நினைவில் நிற்பது மலை ஏறியோரின் நாள். ஸ்டீபன்சனின் மனுக்களுக்கு வலுவூட்டியதும் அந்நினைவே என்று கொள்வதிற் பிழையில்லை.

விளையாட்டைப் பற்றிய கொள்கை வரலாற்றை நீட்ட வேண்டியதில்லை. 1959 இல் இரு பெருங் கட்சிகளும் ஓய்வுப்பொழுது பற்றித் தனித்தனியே பிரசுரங்கள் வெளியிட்டன; பொழுதை அரசியலாகப் பேசிய அரிய தருணம் அது. 1964 இல் விளையாட்டுக்கெனப் பொறுப்பேற்ற முதல் தொழிற் கட்சி அமைச்சர் டெனிஸ் ஹௌவெல் உதைபந்தாட்ட நடுவராக இருந்தவர். (1976 இல் பெருவரட்சி வந்தபோது வரட்சிக்கும் அவரையே அமைச்சராக்கினர், சில நாளில் மழை பெய்தது. நடுவர் ஊதினால் வானமும் கேட்கும் போலும்.) பின்னர் பாடசாலை மைதானங்கள் விற்பனைப் பொருளாயின. 1997 இல் தொழிற் கட்சி தன் விஞ்ஞாபனத்தில், பாடசாலைகளை மைதானம் விற்கும்படி நெருக்கும் கொள்கைக்கு முடிவு கட்டுவதாக வாக்களித்தது. 1998 இன் சட்டம் விற்பதற்கு அமைச்சரின் இசைவு வேண்டும் என்றது. இசைவு கேட்கப்பட்டது; பலமுறை கொடுக்கவும்பட்டது. 2010 இல், இலண்டன் ஒலிம்பிக் நெருங்கிக்கொண்டிருந்தபோதே, கூட்டரசாங்கத்தின் கல்வி அமைச்சர் பாடசாலை விளையாட்டுக் கூட்டிணைப்புகளுக்கு ஒதுக்கியிருந்த 16 கோடியே 20 லட்சம் பவுண் நிதியை நிறுத்த முனைந்தார். ஒருவர் பதக்கம் பெறுவதைப் பார்ப்பதற்குப் பணம் இருந்தது. பிள்ளைகள் ஓடுவதற்கு இல்லை. ஆசிரியராகிய நமக்கு இதை விரித்துரைக்க வேண்டுமா?

விளையாட்டில் உடைமை பற்றிய கேள்வியைக் கட்சிகள் தொட்ட ஓர் இடம் உண்டு, அது வியப்பானது. 2021 ஏப்ரலிற் செல்வந்தக் கழகங்கள் சில கூடித் தமக்கென மூடிய 'சுப்பர் லீக்' ஒன்றை அமைக்க முயன்றபோது, இரசிகர்கள் வீதியில் இறங்கி மைதான வாசல்களை மறித்தனர். திட்டம் சில நாளிற் சரிந்தது. அதன் விளைவாக, 2024 தேர்தலில் தொழிற் கட்சி, கன்சர்வேட்டிவ் கட்சி இரண்டுமே உதைபந்தாட்டத்துக்குச் சுயாதீன ஒழுங்குபடுத்துநர் ஒருவரை நியமிப்பதாகக் கூறின. 2025 இல் அது சட்டமுமாயிற்று. ஒரு கழகத்தை யார் உடைமையாக்கலாம், யார் ஆகாது என்று அரசு கேட்கலாம் என இன்று ஒப்புக்கொள்ளப்பட்டுள்ளது. பந்தாட்டக் கழகத்தின் உடைமையாளனைக் கேட்கக்கூடிய கேள்வியை மலையின் உடைமையாளனை ஏன் கேட்கலாகாது? இரசிகர் வாசலை மறித்தனர் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

உலவும் உரிமைக்கு வருவோம். 1997 இன் அதே விஞ்ஞாபனம் திறந்த நாட்டுப்புறத்தில் மக்களுக்குக் கூடிய சுதந்திரம் தருவதாகக் கூறி, அடுத்த வசனத்திலேயே அவ்வுரிமையின் துஷ்பிரயோகம் எதையும் அனுமதியோம் என்றும் எச்சரித்தது. நிலவுடைமையாளனின் துஷ்பிரயோகம் பற்றி அவ்விடத்தில் எச்சரிக்கை இல்லை. வேர்ட்ஸ்வேர்த்தின் தயக்கம் நூற்றைம்பது ஆண்டின்பின் வசனநடையில் வந்து நிற்கிறது. 2000 ஆம் ஆண்டின் சட்டம் மலை, மேட்டுநிலம், பற்றைநிலம், பதிவுபெற்ற பொதுநிலம் ஆகியவற்றில் நடக்கும் உரிமையைத் தந்தது. இதனை ஒரு வெற்றி என்றே கூறுதல் வேண்டும். கிண்டரும் அதனுள் அடங்கும். ஆயின் அது இங்கிலாந்தின் பரப்பில் நூற்றுக்கு எட்டு வீதமளவே. அதிலும் பெரும்பகுதி வடக்கிலும் மேட்டிலும் உள்ளது. மக்கள் செறிந்து வாழும் தாழ்நிலக் காடுகளும் ஆற்றங்கரைகளும் அதில் இல்லை. சில திறந்த நிலங்கள் நாற்புறமும் தனியார் நிலம் சூழ்ந்த தீவுகளாக உள்ளன. அங்கு நிற்க உரிமையுண்டு, அங்கு போக உரிமையில்லை.

அச்சட்டத்துள் மற்றொரு பிரிவும் ஒளிந்திருந்தது. 1949 க்கு முன்னிருந்தும் வரைபடத்திற் பதியப்படாத பழம்பாதைகள் 2026 ஜனவரி முதலாம் திகதியோடு உரிமை இழக்கும் என்பது அது. ஒரு கையாற் கொடுத்துக்கொண்டே மறு கையால் நாட்குறித்த கதை. உலவுவோர் சங்கத்தின் தொண்டர்கள் பழைய வரைபடங்களைத் துருவி, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இவ்வாறு இழக்கப்படக்கூடிய பாதைகள் 49,000 மைலுக்கு மேல் என 2020 இற் கணக்கிட்டனர். கன்சர்வேட்டிவ் அரசு அத்திகதியை நீக்குவதாக 2022 இற் கூறி, மறு ஆண்டே 2031 என்று திரும்பவும் நிறுவியது. அதனை நீக்குவதாகத் தொழிற் கட்சி அரசு 2024 டிசம்பரில் அறிவித்தது.

ஸ்கொட்லாந்தின் பாராளுமன்றமோ 2003 இல் வேறு வழி சென்றது. அங்கு உரிமையே பொதுவிதி. வீட்டு வளவு, பயிர் நின்ற வயல் போன்றன விலக்கு. பொறுப்புடன் நடந்துகொள்பவர் ஏறத்தாழ எந்நிலத்திலும் எந்நீரிலும் உலவலாம், கூடாரமடித்து உறங்கலாம். இங்கிலாந்தில் விலக்கே பொதுவிதி. உரிமை அதனுள் ஒரு பொத்தல். ஸ்கொட்லாந்தில் வானம் இடிந்து விழவில்லை, ஆடுகளும் மேய்கின்றன.

இந்த ஸ்கொட்லாந்து முறையையே இங்கிலாந்துக்கும் கொணர்வதாகத் தொழிற் கட்சியின் பேச்சாளர்கள் 2023 இன் முற்பகுதியிற் பாராளுமன்றத்திலேயே கூறினர். அதே ஆண்டின் ஒக்டோபரில் நிலவுடைமையாளரின் எதிர்ப்புக்கிடையே அது கைவிடப்பட்டது. 2024 இன் விஞ்ஞாபனத்தில் அதன் இடத்தில் ஒன்பது தேசிய ஆற்றோர நடைபாதைகளும் மூன்று தேசிய காடுகளும் தோன்றின. இங்குதான் நமது திணைக்கருவி பயன் தருகிறது. ஆறு, காடு, ஈரநிலம் எனக் கருப்பொருள் குவிந்திருக்கிறது. குடும்பங்கள் உலவிக் களிப்பர் என உரிப்பொருளும் உண்டு. 1945 இல் 'நிலம்' நின்ற இடம் வெறுமையாக இருக்கிறது. உரிமை என்பது நடைபாதையாகிவிட்டது. நடைபாதையை எண்ணலாம், திறந்துவைக்கலாம், படம் பிடிக்கலாம். உரிமையை அவ்வாறு செய்தல் இயலாது. கை ஷ்ரப்சோல் என்பார் 2019 இல் வெளியிட்ட நூலொன்றில், இங்கிலாந்து நிலத்திற் பாதி, சனத்தொகையில் நூற்றுக்கு ஒரு வீதத்துக்கும் குறைவானோரிடம் இருக்கிறதெனக் கணக்கிட்டுள்ளார். இக்கணக்கை மனத்திற்கொண்டு படித்தால், ஒன்பது பாதைகள் எங்கெங்கே எவர் இசைவுடன் செல்லும் என்பது விளங்கும்.

கன்சர்வேட்டிவ் கட்சி பதினோராவது தேசிய பூங்கா ஒன்றை வாக்களித்தது. இக்கட்சியே 2019 இல் வேண்டுமென்று அத்துமீறுதலைக் குற்றமாக்குவோம் என்று கூறி, 2022 இன் பொலிஸ் சட்டத்தின்மூலம் வண்டிகளில் நாடோடிகளாக வாழும் ஜிப்ஸி மக்களை அதனால் தாக்கியது. 1939 இல் எட்டிப்பார்த்த குற்றம் இவ்வாறு வளர்ந்தது. முதற் பலி மிகவும் வலுவற்றவர். பசுமைக் கட்சி ஒன்றே இங்கிலாந்துக்கு உலவும் உரிமைச் சட்டம் வேண்டுமென நேராகக் கூறியது. ஆட்சிக்கு வரும் வாய்ப்பு இல்லாதவர்க்கு நேர்மை எளிது என்பர். இருக்கலாம், எனினும் அவ்வசனத்தை எழுதத் தமிழ்ப் புலமையோ ஆங்கிலப் புலமையோ வேண்டியிருக்கவில்லை, துணிவு ஒன்றே வேண்டியிருந்தது.

சுற்றாடல் அத்தியாயத்தில் இதே மறதி நீரின் வடிவில் வருகிறது. 1989 இல் இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் நீர் விநியோகமும் கழிவகற்றலும் தனியாருக்கு விற்கப்பட்டன, ஸ்கொட்லாந்தில் விற்கப்படவில்லை. 2023 ஆம் ஆண்டில் மாத்திரம் இங்கிலாந்தின் ஆறுகளிலும் கடலிலும் மழைக்கால வழிவுக் குழாய்கள் கழிவுநீர் சொரிந்த நேரம் 36 லட்சம் மணித்தியாலம் என அரச சுற்றாடல் முகவரகமே கணக்கிட்டது. 2024 மார்ச்சில் ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களின் படகோட்டப் போட்டியின்போது, தேம்ஸ் நதியின் நுண்கிருமிச் செறிவு காரணமாக, வென்றவர் நீரிற் குதிக்கும் வழக்கத்தைத் தவிர்க்குமாறு எச்சரிக்க நேர்ந்தது. மேட்டுக்குடியின் விளையாட்டுக்கும் நீர் இல்லாமற் போனதன் பின்னரே செய்தித்தாள்கள் உரத்துப் பேசின. அவ்வாண்டுத் தேர்தலில் லிபரல் ஜனநாயகத் தலைவர் கழிவுநீர்ப் பிரச்சினையை எடுத்துக்காட்ட வின்டர்மியர் ஏரியில் துடுப்புப் பலகையேறி, பலமுறை நீரில் விழுந்தார். வேர்ட்ஸ்வேர்த் தொழிலாளரிடமிருந்து காக்க விரும்பிய அதே ஏரி. தொழிலாளர் அதைக் கெடுக்கவில்லை.

2017, 2019 தேர்தல்களில் நீரைப் பொதுவுடைமையாக்குவோம் என்ற தொழிற் கட்சி, 2024 இல் கம்பனி அதிகாரிகளின் போனஸைத் தடுப்போம் என்ற அளவிற்கு இறங்கியது. தண்டனை பெரிதாயிற்று; கேள்வி சிறிதாயிற்று.

ஊதியமும் வீடும் மருத்துவமும் நெருக்கடியில் இருக்க, மலையில் நடப்பதும் ஆற்றில் நீந்துவதும் நடுத்தர வர்க்கத்தின் பொழுதுபோக்கன்றோ என்று தோழர்கள் கேட்கக்கூடும். ரொத்மனும் அவர் தோழரும் வேலையற்றோரும் பஞ்சாலைக்காரருமாக இருந்தார்கள் என்பது முதல் விடை. இப்பொழுதுபோக்கு நடுத்தர வர்க்கத்துக்கு உரியதாகத் தோன்றுவதே தொழிலாளியிடமிருந்து நிலமும் பொழுதும் பறிக்கப்பட்டதன் விளைவு என்பது இரண்டாவது. விளைவைக் காரணமாகக் கொண்டு அவனுக்கு அது வேண்டாம் என்போர், தம்மையறியாமல் 1844 இன் கடிதங்களை மீண்டும் எழுதுகின்றனர்.

அண்மைய நிகழ்ச்சியொன்று இலக்கணம் கற்பிப்போருக்கு விருந்தாகும். தென்மேற்கு இங்கிலாந்தின் டார்ட்மூர், 1951 முதல் தேசிய பூங்கா. அங்குள்ள பொதுநிலங்களில் மக்கள் 'திறந்தவெளிப் பொழுதுபோக்கிற்காகக் காலாலும் குதிரைமீதும்' செல்லலாம் என்பது 1985 இன் உள்ளூர்ச் சட்டமொன்றின் கருத்து. ஏறத்தாழ 4,000 ஏக்கருக்கு உரிமையாளரான ஒரு நிதி முதலீட்டாளர், இரவிற் கூடாரமடித்து உறங்குதல் இதில் அடங்காது என வழக்கிட்டார். காலாலும் குதிரைமீதும் என்றமையால் நடத்தலும் சவாரியுமே பொழுதுபோக்கு, உறக்கம் ஆகாது என்பது வாதம். 2023 ஜனவரியில் மேல் நீதிமன்றம் அவர்பக்கம் தீர்த்தது. சில நாளில் மூவாயிரம் பேர் அளவில் அம்மேட்டுநிலத்தில் திரண்டு நடந்தனர். ஜூலையில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. 2025 மே 21 ஆம் திகதி உயர் நீதிமன்றம் ஒருமனதாக முடிவு கூறிற்று: காலாலும் குதிரைமீதும் என்பது மக்கள் எவ்வாறு செல்லலாம் என்பதைக் குறிக்குமேயன்றி, சென்றபின் அவர்கள் துய்க்கும் பொழுதுபோக்கை நடையாகவும் சவாரியாகவும் குறுக்காது, கூடாரத்தில் உறங்குதலும் பொழுதுபோக்கே. வேற்றுமையுருபு எதைக் கொண்டு முடிகிறது என்று மாணவனைக் கேட்கும் அதே கேள்விதான்.

ஆயின் அத்தீர்ப்பு டார்ட்மூரின் பொதுநிலங்களுக்கு மாத்திரமே உரியது. இங்கிலாந்தின் ஏனைய இடங்களில், வெட்டவெளியில் ஓர் இரவு உறங்க விரும்புபவன் அந்நிலத்தின் உரிமையாளனைத் தேடிப்பிடித்து அவனது இசைவைப் பெறுதல் வேண்டும். 2024 ஜூலையில் 400 க்கும் மேற்பட்ட ஆசனங்களுடன் ஆட்சியேறிய கட்சியின் விஞ்ஞாபனத்தில் அது பற்றி ஒரு வரியும் இல்லை.